ஆர்விட்டின் மறு இணைப்புத் திட்டம்

செவ்வாய்க்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஆர்விட் டோலஃப்சன் மகத்தான ஒரு முடிவுக்கு வந்தான். இனி மனைவியிடம் கெஞ்சுவதில்லை. மறு இணைப்பு மட்டுமே செய்துகொள்வது.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அவனிடம் கேட்டுவிடாதீர்கள். பலகையில் படம் போட்டு விளக்க ஆரம்பித்துவிடுவான்.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து டுலூத் நகரத்தில் ஜனவரி மாதம் காரை வெளியே நிறுத்தினால் காலையில் அது கார் இல்லை, ஐஸ் கட்டி. படுக்கையில் இருந்தபடியே போனைத் தட்டி இன்ஜினைச் சூடேற்றுவதற்கு ஒரு செயலி உண்டு. அந்தச் செயலியை எழுதியவர்களில் ஆர்விட்டும் ஒருவன். போனைத் தட்டினால் செய்தி நேராகக் காருக்குப் போகாது. நடுவில் ஒரு சர்வர் இருக்கிறது. சர்வர் என்றதும் சட்னி கொண்டு வருபவரை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் குணம் ஏறக்குறைய அதேதான். எல்லா மேஜையிலிருந்தும் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் யாருக்கும் எதுவும் வராது.

திங்கட்கிழமை காலை அதுதான் நடந்தது. சர்வர் இரண்டே நிமிடம் தலை சுற்றி விழுந்தது. தானாக எழுந்துவிட்டிருக்கும். ஆனால் ஆர்விட் எழுதிய வரி ஒன்று, ‘பதில் வரலையா, உடனே மறுபடி கேள்’ என்று சொல்லியிருந்தது. பதினெட்டாயிரம் போன்கள் விநாடிக்கு ஒரு தரம் கதவைத் தட்டின. எழுந்திருக்கப் பார்த்த சர்வரை மிதித்து மிதித்துப் படுக்க வைத்தன. மூன்று மணி நேரம் பாதி ஊர் வேலைக்குப் போகவில்லை. ஆர்விட் வியர்த்து வழிந்து அந்த வரியைத் திருத்தினான். திருத்தியதும், ஏதோ அந்தச் சர்வரைப் பெற்று வளர்த்ததே தான்தான் என்பது போன்ற பெருமையோடு வீட்டுக்கு வந்தான்.

அன்று சாப்பாட்டு மேஜையில் அதைப் பற்றித்தான் பேச்சு. மார்லிஸ், அவன் மனைவி, பல் மருத்துவமனை ஒன்றில் பத்தொன்பது வருடமாக வரவேற்பு மேஜையில் இருக்கிறாள். தட்டில் இருந்த உருளைக்கிழங்கை எண்ணிக்கொண்டே அவன் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பதில் வரலன்னா உடனே திருப்பிக் கேக்கக் கூடாது மார்லிஸ். ஒரு நொடி பொறுக்கணும். அப்பவும் வரலையா, ரெண்டு நொடி. அப்புறம் நாலு. அப்புறம் எட்டு."

"காலைல எட்டு மணிக்கு எங்க கிளினிக்குக்குப் போன் அடிக்கிறவங்களுக்கும் இதக் கொஞ்சம் சொல்லிக் குடேன்."

"எல்லாரும் ஒரே கணக்குல பொறுத்தாலும் தப்பு. எல்லாரும் ஒண்ணா வந்து விழுவாங்க. ஆளுக்கு ஆள் ஒரு கொசுறு நேரம் சேத்துக்கணும்."

"ம்."

"சர்வரே, ‘இப்ப முடியாது, பத்து நிமிஷம் கழிச்சு வா’ன்னு சொல்லிட்டா, வாயை மூடிட்டுக் கேட்டுக்கணும். அது தெய்வ வாக்கு."

மார்லிஸ் முதல் முறையாகத் தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "ஓ, அப்படியா?"

"அதுக்கும் மேல ஒண்ணு இருக்கு. லைன் அடியோட அறுந்தே போச்சுன்னு வை. நல்ல மென்பொருள் என்ன பண்ணும் தெரியுமா? முன்னாடியே ஒரு நகல் எடுத்துக் கையில வெச்சிருக்கும். அறுந்தா அறுந்துட்டுப் போகுது, நம்ம வேலை நம்ம பாட்டுக்கு நடக்கும்."

"நல்ல யோசனையா இருக்கே," என்றாள் மார்லிஸ்.

மனைவி மெச்சிவிட்டாள். இதுதான் சமயம் என்று ஆர்விட் மனசில் இருந்ததை எடுத்து விட்டான்.

"வர்ற சனிக்கிழமை லாங் ஏரில மீன்பிடிப் போட்டி. நம்ம பக்கத்து வீட்டு கோர்டி ஐஸ் மேல வெச்சிருக்கற குடிலுக்குப் புதுசா சோபா எல்லாம் போட்டிருக்கான். நான் போயிட்டு வரட்டுமா?"

மார்லிஸ் பதில் சொல்லவில்லை.

"மார்லிஸ்? சனிக்கிழமை. போகட்டுமா? போகலாம்ல? ஒரே ஒரு நாள்தான். போகட்டுமா? என்ன சொல்ற? மார்லிஸ்?"

இரண்டு நிமிடத்தில் ஏழு முறை கேட்டான். காலையில் பதினெட்டாயிரம் போன்கள் செய்த அதே தப்பு.

மார்லிஸ் முட்கரண்டியைக் கீழே வைத்தாள். "சனிக்கிழமை என் தங்கச்சி கோரினும் ட்வெய்னும் மதியச் சாப்பாட்டுக்கு வர்றாங்க. ரெண்டு மாசமாச் சொல்லிட்டிருக்கேன். பரவாயில்ல ஆர்விட். உனக்கு எது சரின்னு படுதோ அதையே பண்ணு."

மினசோட்டாவில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே ‘பரவாயில்ல’ என்று ஒரு பெண் மெதுவாகச் சொன்னால் ஆண்கள் வாசலைப் பார்க்க ஆரம்பிப்பார்கள். அதற்குப் பிறகு மார்லிஸ் வாய் திறக்கவில்லை. இணைப்பு அறுந்துவிட்டது.

ஆர்விட்டின் கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். அவனுக்கு மீன் மீது ஆசை என்பது பாதிதான் உண்மை. மீதிப் பாதி, கோரினின் கணவன் ட்வெய்ன் மீது பயம். ட்வெய்ன் தங்கமான மனிதன். யாருக்கும் ஒரு கெடுதல் நினைக்க மாட்டான். ஆனால் வருடத்துக்கு ஒரு தரம் படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள வீட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவான். போகிற வழியெல்லாம் படம் எடுப்பான். எடுத்த படத்தையெல்லாம் காட்டுவான். போன வருடம் ஒரு பெட்ரோல் பங்கை நாலு பக்கத்திலிருந்தும் காட்டினான். இந்த வருடம் மேற்குக் கடற்கரை வரை போய்விட்டு வந்திருக்கிறான்.

ஆகவே சனிக்கிழமை ஆர்விட் இருக்க வேண்டிய இடம் ஏரி. அதுவும் சும்மா ஓடிப்போய்விடக் கூடாது. ‘நீ போ’ என்று மார்லிஸ் வாயால் வர வேண்டும். இல்லாவிட்டால் மே மாதம் வரை அந்தப் ‘பரவாயில்ல’ வீட்டுக்குள் உலாவிக்கொண்டிருக்கும்.

இப்போது புரிகிறதா, செவ்வாய்க்கிழமை பல் தேய்க்கும்போது வந்த ஞானம்?

அன்று சாயங்காலம் மார்லிஸ் வேலையிலிருந்து வந்து கோட்டைக் கழற்றியதும் ஆர்விட் ஆரம்பித்தான்.

"மார்லிஸ், சனிக்கிழமை விஷயம்..."

பதில் இல்லை. ஆர்விட் பதறவில்லை. கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் பொறுத்தான். கேட்டான். இரண்டு நிமிடம் பொறுத்தான். கேட்டான். நான்கு. கேட்டான். எட்டு நிமிடம் முடிந்து சமையலறைக்குள் காலை வைத்தபோது மார்லிஸ் திரும்பாமலே சொன்னாள்.

"அடுத்தது பதினாறு நிமிஷம் கழிச்சுத்தான வருவே? அதுக்குள்ள நான் குளிச்சுட்டு வந்துடறேன்."

அவளுக்குக் கணக்கு தெரிந்துவிட்டது. கொசுறு சேர்க்காமல் விட்டது தன் பிழைதான் என்று ஆர்விட் ஒப்புக்கொண்டான். அலமாரியில் இருந்த பலகை விளையாட்டுப் பெட்டியிலிருந்து ஒரு பகடையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அடுத்த முறை பகடையை உருட்டினான். ஐந்து விழுந்தது. பதினாறோடு ஐந்து, இருபத்தொரு நிமிடம். போனான்.

"மார்லிஸ்..."

"இப்ப கை வேலையா இருக்கேன். வாசல்ல பனி கெடக்கு பாரு, அதை வாரிப் போட்டுட்டு வா. அப்புறம் பேசலாம்."

ஆர்விட்டுக்குப் புல்லரித்துப் போனது. சர்வர் பதில் சொல்லிவிட்டது! ‘இப்போது முடியாது, இன்ன நேரம் கழித்து வா’ என்று சொல்லிவிட்டது! தெய்வ வாக்கு. அவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினான்.

பனியை வாரிவிட்டு மூக்குச் சிவந்து வந்தான். "மார்லிஸ்?"

"இன்னும் முடியல. கோரின் வர்றா, விருந்தாளி பாத்ரூம்ல குழாய் ஒழுகுதே. அதைச் சரி பண்ணிட்டு வாயேன்."

புதன்கிழமை சாயங்காலத்துக்குள் ஆர்விட் குழாயைச் சரி பண்ணினான். வீட்டுக்கு அடியில் நிலவறையில் கிடந்த மடக்கு மேஜைகளை மேலே ஏற்றினான். துணி உலர்த்தும் இயந்திரத்தின் வயிற்றிலிருந்து ஒரு பூனைக்குட்டி அளவுக்குப் பஞ்சு எடுத்தான். ஒவ்வொன்றும் முடிந்ததும் ஓடி வந்து நின்றான். ஒவ்வொரு முறையும் சர்வர் அன்பாக வேறு நேரம் கொடுத்தது. கடைசியில் அவள் சொன்ன இரண்டு வேலைகளைக் கேட்டபோது ஆர்விட்டின் காதுகளே நம்பவில்லை.

"உன்னோட ஐஸ்ல துளை போடற மிஷின் இருக்கே, அதோட பிளேடைத் தீட்டி, சார்ஜ் போட்டு வை. அப்படியே அந்த ஆரஞ்சு மீன்பிடி உடுப்பையும் தோய்ச்சுப் போட்டுடு. போன வருஷ மீன் வாடை இன்னும் அடிக்குது."

இதைவிட வெளிப்படையாக ஒரு பெண் எப்படிச் சொல்வாள்? ஆர்விட் பக்கத்து வீட்டு கோர்டியின் கேரேஜுக்கு ஓடினான். கோர்டி ஹாகன் தூண்டில் நூலைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"காபி குடிக்கிறியா?"

"வேண்டாம்டா, இப்பத்தான் குடிச்சேன்."

"கொஞ்சமா?"

"உனக்கு எதுக்குடா சிரமம்."

"ஊத்தியாச்சுடா."

"சரி, இவ்வளவு சொல்ற."

அந்த ஊரில் அதுதான் முறை. எதைக் கொடுத்தாலும் இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மூன்றாவது தடவை வாங்கிக்கொள்ள வேண்டும். முதல் தடவையே கை நீட்டுகிறவனை சிகாகோக்காரன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஆர்விட் தன் திட்டத்தை ஆதியோடந்தமாகச் சொன்னான். காத்திருப்பது, இரட்டிப்பாக்குவது, பகடை, தெய்வ வாக்கு எல்லாம். கோர்டி பொறுமையாகக் கேட்டான்.

"டேய், இதுக்குப் பேரு கெஞ்சறதுடா."

"இல்லடா. கெஞ்சறவனுக்குக் கணக்கு கிடையாது."

"அப்ப இவ்வளவு வேலையும் செஞ்சியே, அதுக்குப் பேரு என்ன?"

"நெறிமுறை."

"எங்க வீட்டுல இதுக்கு வேற பேரு," என்றான் கோர்டி. "சரி, சனிக்கிழமை வர்றியா இல்லையா? என் குடில்ல உனக்கு ஒரு இடம் வெச்சிருக்கேன். நீ வரலன்னா சும்மா கெடக்கும்."

"வர்றேன்டா. உடுப்பே தோய்ச்சாச்சு."

ஆனாலும் மார்லிஸ் வாயால் இன்னும் ‘போ’ வரவில்லை. ஆர்விட் யோசித்தான். இத்தனை முயற்சிக்குப் பிறகும் இணைப்பு முழுதாக வரவில்லை என்றால், நல்ல மென்பொருள் என்ன செய்யும்? கதவைத் தட்டுவதையே நிறுத்திவிடும். எதிர்ப்பக்கம் மூச்சு விடட்டும் என்று ஒரேயடியாக விலகி நிற்கும். பிறகு சின்னதாக ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கும்.

ஆக, வியாழக்கிழமை முழுவதும் ஆர்விட் மௌன விரதம். காலை வணக்கம் இல்லை, தலையாட்டல் மட்டும். அவனுக்கு அன்று வீட்டிலிருந்தே வேலை. மார்லிஸும் விடுமுறை போட்டுவிட்டு வீட்டில்தான் இருந்தாள். பாவம், தவித்துப் போவாள் என்று நினைத்தான். அவளோ போனை எடுத்துக்கொண்டு சோபாவில் காலை நீட்டி, யார் யாரிடமோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்ன பேசுகிறாள் என்று கேட்க அவனுக்கு வாய் துடித்தது. விதி விதிதான். கேட்கவில்லை. சாயங்காலத்துக்குள் தவித்துப் போனது அவன்தான். இருபத்திரண்டு வருடத்தில் அவளோடு ஒரு வார்த்தை பேசாமல் அவன் ஒரு நாளும் இருந்ததில்லை. தனியாக உட்கார்ந்து உலர்ந்த துணியை மடித்தான். அதைச் செய் என்று யாரும் அவனிடம் சொல்லக்கூட இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், சின்னத் தட்டு.

"காபி போடறேன். உனக்கும் வேணுமா?"

"வேண்டாம்."

"அரை கப்?"

"இருக்கட்டும், எதுக்கு."

"தண்ணி கொதிச்சாச்சு மார்லிஸ்."

"சரி, போட்டதுதான் போட்டே, கொடு."

அவள் வாங்கிக் குடித்தாள். சிரித்தாள். "நேத்துப் பூரா வீடே வெறிச்சுன்னு இருந்துச்சு ஆர்விட்," என்றுகூடச் சொன்னாள். இணைப்பு வந்துவிட்டது! ஆர்விட்டுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அதே சமயம் மூளையில் ஒரு விளக்கும் எரிந்தது.

இரண்டு தடவை வேண்டாம். மூன்றாவது தடவை சரி. அவள் டுலூத்தில் பிறந்தவள். அவள் அம்மா டுலூத்தில் பிறந்தவள். அந்த முறை அவள் எலும்பில் இருக்கிறது. அப்படியானால், ‘நான் போகவில்லை, உனக்காக வீட்டில் இருக்கிறேன்’ என்று தியாகம் செய்ய முன்வந்தால்? ‘ஐயோ, வேண்டாம், நீ போ’ என்பாள். இன்னொரு முறை சொன்னால்? ‘சொல்றேன்ல, போ’ என்பாள். அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்! மூன்றாவது தடவை வாயே திறக்கக் கூடாது. முயற்சிக்கு ஒரு வரம்பு. வரம்பு இரண்டு. மனைவி தானாகவே இரண்டு தடவை ‘போ’ என்று சொன்ன புண்ணியமும் கிடைக்கும், தியாகி என்ற பேரும் கிடைக்கும்.

ஆர்விட் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். முகத்தில் சோகத்தை வரவழைத்துக்கொண்டான்.

"மார்லிஸ், நான் யோசிச்சுப் பாத்தேன். மீன் என்ன மீன். நாளைக்கு நான் ஏரிக்குப் போகல. வீட்டுல இருந்து ட்வெய்னைப் பாத்துக்கறேன்."

"அப்படியா! ரொம்ப சந்தோஷம் ஆர்விட்," என்றாள் மார்லிஸ்.

முதல் தடவையிலேயே! கொஞ்சமும் கூச்சமில்லாமல்! ஒரு சிகாகோக்காரி மாதிரி!

"இல்ல... நிஜமாத்தான் கேக்கறேன்... நான் இருக்கட்டுமா?"

"அதான் சரின்னுட்டேனே."

"நீ வேண்டாம்னு சொன்னாலும் நான் தப்பா நினைக்க மாட்டேன்."

"வேண்டாம்னு எதுக்குச் சொல்லப் போறேன்? தங்கமான மனசு உனக்கு." கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, மீதிக் காபியையும் எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். ஆர்விட் பையில் இருந்த பகடையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

சனிக்கிழமை ஒன்பதரை மணிக்குக் கோரினும் ட்வெய்னும் வந்து இறங்கினார்கள். கோரின் கையில் தூண்டில் இருந்தது. ஆர்விட் அதை அவ்வளவாகக் கவனிக்கவில்லை. மாடிப்படியில் இறங்கி வந்த மார்லிஸைத்தான் வாய் பிளந்து பார்த்தான். அவன் ஆரஞ்சு உடுப்பு அவள் மேல் இருந்தது. தோய்த்து, வாடை போய், மணமாக இருந்தது. கையில் சார்ஜ் ஏறிய துளை மிஷின்.

"எங்க போற?"

"ஏரிக்குத்தான். கோர்டி குடில்ல உன் இடம் சும்மா கெடக்கும்ல. வீணாப் போகக் கூடாதேன்னு நானும் கோரினும் போறோம். அவன் சோபாவுல ரெண்டு பேர் தாராளமா உக்காரலாமாம்."

"நேத்து நான் சொல்லித்தான உனக்கே தெரியும், போகலன்னு? கோர்டிகிட்ட எப்பக் கேட்ட?"

"வியாழக்கிழமை. நீ பேசாம இருந்தியே, அன்னிக்கு. நேரம் நிறைய இருந்துச்சு." கையுறையை மாட்டிக்கொண்டாள். "அடுப்புல சாப்பாடு இருக்கு. ட்வெய்ன், நல்லாப் பாத்துக்க அவனை."

கதவு சாத்தப்பட்டது. ட்வெய்ன் கையைத் தேய்த்துக்கொண்டே டிவி முன்னால் உட்கார்ந்தான்.

"எல்லாப் படமும் நெட்ல ஏத்தி வெச்சிருக்கேன் ஆர்விட். உங்க டிவிலயே பாத்துடலாம். ஆயிரத்து நானூறு. நிதானமாப் பாப்போம், அவசரம் ஒண்ணும் இல்லல்ல?"

எண்பத்தாறாவது படத்தில் ஒரு பெட்ரோல் பங்க் வந்தது. எண்பத்தேழாவது படத்தில் அதே பங்க், பின்பக்கத்திலிருந்து. ஆர்விட் மேஜைக்கு அடியில் போனை வைத்து மார்லிஸுக்குச் செய்தி அனுப்பினான்: ‘எப்ப வருவ?’ ஒரு நிமிடம் பொறுத்தான். இரண்டு நிமிடம் பொறுத்தான். நான்காவது நிமிடத்தில் பதில் வந்தது: ‘இப்ப கை வேலையா இருக்கேன். பாத்திரத்தைக் கழுவி வெச்சுட்டு அப்புறம் கேளு.’

தொண்ணூற்றொன்றாவது படத்தில் ஆர்விட்டுக்குப் பொறுக்கவில்லை. இருபது வருடமாக, அறுந்த இணைப்புகளை ஒட்ட வைத்தே பிழைத்தவன், வாழ்க்கையில் முதல் முறையாக ஓர் இணைப்பைத் தானே அறுக்கத் துணிந்தான்.

"கூல்டிரிங்க்ஸ் எடுத்துட்டு வர்றேன் ட்வெய்ன்," என்று நிலவறைக்கு இறங்கினான். சுவரில் பச்சைப் பச்சையாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்த இன்டர்நெட் பெட்டியின் வயரைப் பிடுங்கினான். கண்கள் அணைந்தன. ஆகா, என்ன நிம்மதி.

மேலே வந்தபோது டிவியில் வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. ‘மறுபடி இணைக்க முயல்கிறது’ என்று எழுத்து ஓடியது. ஆர்விட் வருத்தத்தோடு உச்சுக்கொட்டினான்.

"அடடா. போச்சா? எங்க ஏரியாவுல லைன் ரொம்ப மோசம் ட்வெய்ன். ஒரு தரம் போச்சுன்னா நாள் பூரா வராது. ஒண்ணு பண்ணலாமா? சும்மா உக்காந்து என்ன பண்றது, ஏரிப்பக்கம் போய் அவங்களைப் பாத்துட்டு வரலாமா?"

சொல்லிக்கொண்டே ஒரு கையைக் கோட்டுக்குள் விட்டுவிட்டான்.

ட்வெய்ன் கொஞ்சமும் கலங்கவில்லை. டிவியைப் பார்த்தான். கைக்கடிகாரத்தைப் பார்த்தான். முகம் ஆச்சரியத்தில் மலர்ந்தது.

"பதினொண்ணே கால். உன் பொண்டாட்டி சாதாரண ஆள் இல்ல ஆர்விட்! வியாழக்கிழமை போன் பண்ணினா. ‘சனிக்கிழமை பதினோரு மணி வாக்குல எங்க வீட்டு லைன் அறுந்து போகும், எதுக்கும் நகல் ஒண்ணு எடுத்துக் கையோட வெச்சுக்கோ’ன்னா. எப்படித்தான் அவளுக்குத் தெரிஞ்சதோ."

பையைத் திறந்து, கட்டைவிரல் அளவுக்கு ஒரு பென் டிரைவை எடுத்து, அன்போடு டிவியின் பக்கவாட்டில் செருகினான்.

"கோட்டைக் கழட்டிட்டு உக்காருப்பா. இதுவும் நல்லதுக்குத்தான். நெட்ல பொறுக்கி எடுத்த ஆயிரத்து நானூறுதான் இருந்துச்சு. இதுல எல்லாமே இருக்கு."